பாக்கியம் சிஸ்டரும் என் சந்தேகங்களும்

செய்தி வந்தபோது பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் ஏலம் கூறிக்கொண்டிருந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். சட்டைப் பையில் செல்போன் இரண்டு முறை துடித்து அடங்கியது. ஏலத்தின் நடுவே நான் போனை எடுப்பதில்லை. அது தெரிந்து என் மனைவி செண்பகம் கடைக்கே அழைத்திருக்கிறாள். மூட்டை தூக்கும் இசக்கி வந்து என் காதருகே குனிந்தான். "அண்ணாச்சி, அக்கா பேசுனாங்க. மேலகரத்து சிஸ்டர் தவறிட்டாங்களாம்" என்றான்.

அப்போது இன்னும் ஏழு குவியல் மிச்சம் இருந்தது. முதல் பஸ்ஸில் வந்த விவசாயிகள் தங்கள் தங்கள் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். ஏழையும் கூறி முடித்த பிறகுதான் இறங்கினேன். இதைப் படிக்கும் சிலருக்கு அது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். பாக்கியம் சிஸ்டருக்கு அப்படித் தோன்றியிருக்காது. நான் ஏழு குவியலையும் குரல் உடையாமல் கூறி முடித்தேன் என்று யாராவது சொன்னால் சந்தோஷமாகச் சிரித்திருப்பார்.

தென்காசியில் அந்தச் சிறிய மனநல மருத்துவ நிலையத்துக்கு வியாழக்கிழமைகளில் வந்துபோன எல்லோருக்கும் அவரைத் தெரியும். செவிலியர் படிப்பு படித்து, பிறகு மனநல ஆலோசனையும் கற்றுக்கொண்டவர். என்னைவிட ஒன்பது வயது இளையவர். உயரம் குறைவு, நடை வேகம், குரல் மட்டும் எப்போதும் ஒரே அளவு. அந்தக் குரலை, அங்கே வந்துபோன நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு விதத்தில் நினைவு வைத்திருப்பீர்கள். நான் நினைவு வைத்திருக்கும் விதத்தை இங்கே எழுதுகிறேன். வெட்கப்படும்படியான சிலவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அவற்றை விட்டுவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவும் இருக்காது.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஆவணி மாதக் காலையில், இரண்டு தக்காளிக் குவியல்களின் பெயரை மாற்றிக் கூறிவிட்டேன். சுரண்டை பக்கத்து விவசாயி ஒருவரின் நல்ல சரக்கு வேறொருவர் பெயரில் போய்விட்டது. அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டோம். ஆனால் அதற்குள் எங்கள் கமிஷன் கடை முதலாளி வந்து, அத்தனை பேர் முன்னிலையிலும், "கண்ணு எங்கன லே இருக்கு? நீயெல்லாம் ஏலம் கூற வந்துட்டே" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கோபக்காரர். சொல்லிவிட்டு மத்தியானத்துக்குள் மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. சின்ன வயதில் என் அப்பா கிட்டத்தட்ட இதே வார்த்தைகளை இதே சுருதியில் சொல்லிக்கொண்டே இருப்பார்.

ஏலம் கூறுபவனுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வாங்க வரும் வியாபாரிகள் பெரும்பாலும் வாயைத் திறந்து கேட்பதில்லை. ஒருவர் புருவத்தை உயர்த்துவார். ஒருவர் துண்டின் நுனியைத் தொடுவார். இன்னொருவர் பக்கத்து ஆளின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறப்பார். அதையெல்லாம் படிப்பதுதான் என் தொழில். அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் முதல், அந்தச் சைகைகள் காய்கறியைப் பற்றியவை அல்ல என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. புருவம் உயர்ந்தால், "இவன்தான் அவன்" என்று அர்த்தம். துண்டைத் தொட்டால், "இன்னும் எத்தனை நாளைக்கு இவனை வைத்திருப்பார்கள்" என்று அர்த்தம். ஒரு வாரத்தில் அது சந்தையிலிருந்து டீக்கடைக்கு வந்தது. டீக்கடையிலிருந்து பஸ்ஸுக்கு வந்தது. மூன்றாவது வாரம் என் வீட்டுக்குள் நுழைந்தது. ரசம் கசந்தது. செண்பகம் எதையோ கலக்கிறாள் என்று முடிவு செய்து, வீட்டில் சாப்பிடுவதை நிறுத்தினேன். கடையில் வாங்கிய பொட்டல ரொட்டியை என் கையாலேயே பிரித்துத் தின்றேன். யாரோடு சேர்ந்துகொண்டு இதைச் செய்கிறாய் என்று ஒரு நாள் அவளிடம் கேட்டேன். அவள் மகளை அழைத்துக்கொண்டு வீரகேரளம்புதூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகச் சொன்னதும் நான்தான்.

இது எனக்கு முதல் முறை அல்ல. இருபத்திரண்டு வயதில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தபோது இப்படி ஒரு முறை வந்து, ஊருக்குத் திரும்பி, ஒரு வருடம் மருந்து சாப்பிட்டு, நானாகவே நிறுத்தியிருந்தேன். கல்யாணத்தின்போது அதைச் சொல்லவும் இல்லை. செண்பகத்தின் அண்ணன் நல்ல மனிதர். தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சண்டைக்கு வராமல், என்னை பைக்கில் உட்காரவைத்துத் தென்காசிக்கு அழைத்துப்போனார்.

டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு மாத்திரை எழுதினார். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை சிஸ்டரிடம் வந்து பேசிவிட்டுப் போங்கள் என்றார். அடுத்த அறையில் பாக்கியம் இருந்தார். நான் உட்காரவில்லை. சுவரில் முதுகை வைத்து நின்றுகொண்டே, "நீங்களும் அவங்க ஆளா?" என்று கேட்டேன். இந்தக் கேள்விக்கு எல்லோரும் பதறுவார்கள். சத்தியம் செய்வார்கள். அவர் பதறவில்லை.

"நான் ஆமான்னு சொன்னாலும் இல்லன்னு சொன்னாலும் இப்ப ஒங்களுக்கு நம்பிக்கை வராது அண்ணாச்சி. வந்து போயிட்டு இருங்க. பாத்து நீங்களே ஒரு முடிவுக்கு வாங்க" என்றார்.

மாத்திரை அட்டையைப் பிரிக்காமலேயே என் கையில் கொடுத்தார். பின்பக்கம் ஓட்டை இருக்கிறதா என்று நான் திருப்பிப் பார்க்கும்வரை காத்திருந்தார். பார்த்து முடித்ததும் தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று மட்டும் காட்டினார். நீயே பிடித்துக் குடி என்பதுதான் அதன் பொருள். அன்று அதற்காகவே அந்த மாத்திரையை விழுங்கினேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, தூக்கம் கொஞ்சம் திரும்பியிருந்த சமயம். அவர் ஒரு காகிதத்தை நீட்டி, சந்தையில் உங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று நினைக்கிறீர்களோ அதை அப்படியே எழுதுங்கள் என்றார். அதுவரை எல்லோரும் "யாரும் ஒன்னும் பேசல" என்றுதான் சொல்லியிருந்தார்கள். என்ன பேசுகிறார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் வேகமாக எழுதினேன். ஒன்றுக்கும் ஆகாதவன். கண் சரியில்லாதவன். இரக்கப்பட்டு வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்றத் தெரியாதவன். அவர் காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் இன்னொரு காகிதம். இந்த முறை, உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு பழைய காகிதத்தை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். நான் இரண்டையும் பார்த்தேன். அதே நான்கு வரி. வரிசைகூட மாறவில்லை.

"ரெண்டும் ஒரே கையெழுத்து அண்ணாச்சி" என்றார் பாக்கியம்.

சந்தையில் முப்பது பேர் பேசுவதாக நான் நம்பிக்கொண்டிருந்த பேச்சை, முப்பது வருடமாக நானே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த நிமிடமே எல்லாம் தெளிந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அன்று பஸ்ஸில் திரும்பும்போதும் பின்சீட்டில் இருந்தவர்கள் என்னைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் அவர்கள் பேசிய வார்த்தைகள் எனக்கு முன்பே தெரிந்தவையாக இருந்தன. அதை முதல் தடவையாகக் கவனித்தேன்.

இதை ஒரு விதி மாதிரி அவர் ஒருபோதும் சொன்னதில்லை. தன்னைத் தாழ்வாக நினைப்பதால் சந்தேகம் வருகிறதா, சந்தேகம் வந்து வந்து மனிதன் தன்னைத் தாழ்வாக நினைக்கத் தொடங்குகிறானா என்று ஒரு முறை கேட்டேன். "எது முன்ன, எது பின்னன்னு படிச்சவங்களே இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளி விடுது. நமக்கு எது கைக்கு எட்டுதோ அதைப் பிடிச்சு நிறுத்துவோம்" என்றார். மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தால் போதுமா என்று கேட்டபோது, ஒரே ஒரு தடவை, அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. போதாது என்றார்.

வியாழக்கிழமைகளில் எங்களைப் போன்றவர்களை ஒன்றாக உட்காரவைத்து அவர் பேசவைப்பார். அந்தக் கூட்டத்துக்குக் கோயில்பிள்ளை என்று ஒருவர் வருவார். உங்களில் பலருக்கும் அவரைத் தெரியும். அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எப்போதும் தேய்த்த முழுக்கைச் சட்டை, பையில் பேனா. அவருக்கும் பக்கத்து வீட்டார் மேல் சந்தேகம். ஆனால் அவருடைய சந்தேகம் என்னுடையதைப் போல இருக்காது. என்னை ஏசுகிறவர்கள் ஏசுவதில் நியாயம் இருக்கிறது என்று நான் உள்ளுக்குள் நம்பினேன். அவரோ, தான் ஒரு தப்பும் செய்யாதவர், தன் திறமையைப் பொறுக்காமல்தான் எல்லோரும் சதி செய்கிறார்கள் என்று நம்பினார். அவர் பேச ஆரம்பித்தால் அரை மணி நேரம் தன் பெருமைதான். எனக்கு எரிச்சலாக வரும். இவரை ஏன் நீங்கள் அடக்குவதில்லை, இவருக்குத் தாழ்வு மனப்பான்மை ஒன்றும் இல்லையே என்று பாக்கியத்திடம் ஒரு நாள் கேட்டேன்.

"அந்தப் பெருமையை நான் புடுங்கிட்டேன்னா, அதுக்கு அடியில என்ன கிடக்குன்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அவரு அதைப் பிடிச்சுக்கிட்டுதான் நிக்காரு. கால் ஊணட்டும், பொறவு பாப்போம்" என்றார். அதன் பிறகு கோயில்பிள்ளை பேசும்போது எனக்கு எரிச்சல் வரவில்லை. அவரும் நானும் ஒரே பள்ளத்தின் இரண்டு கரைகளில் நிற்பதாகத் தோன்றியது.

பாக்கியமும் ஒரு பெரிய தவறு செய்தார். அதை எழுதாமல் இருக்க முடியாது. நான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அன்று கூட்டத்துக்குள் நான் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். பாக்கியம் என் பக்கம் கையை நீட்டி, பாவூர்சத்திரத்திலேயே சிறந்த ஏலக்காரர் வந்திருக்கிறார் என்றார். என்னைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற நினைப்புதான். எனக்கோ சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் எப்படிக் கை தட்டினார்கள்? யார் சொல்லி வைத்தார்கள்? சிறந்த ஏலக்காரர் என்பது கேலி அல்லாமல் வேறென்ன? பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. மாத்திரையையும் நிறுத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் ஒரு காலையில், ஏலம் முடிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, வெண்டைக்காய்ச் சாக்குகளுக்கு அந்தப் பக்கம் பாக்கியம் நின்றிருந்தார். பஸ் பிடித்து வந்திருக்கிறார். செருப்பெல்லாம் சேறு. கிட்டே வந்து, சுற்றி ஆள் இல்லையென்று பார்த்துக்கொண்டு பேசினார்.

"அன்னைக்குக் கை தட்டச் சொல்லி ஏற்பாடு பண்ணுனது நாந்தான் அண்ணாச்சி. நீங்க வருததுக்கு முன்னாடியே எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தேன். யாரோ சொல்லி வச்சிருக்காங்கன்னு நீங்க சந்தேகப்பட்டிருந்தா, அது சரிதான். தப்பு எம்மேல."

அவர் தொடர்ந்தார். "நல்லா இருக்கட்டும்னுதான் செஞ்சேன். ஆனா ஒங்களை மேல தூக்குததுக்கு எனக்கு என்ன உரிமை? நீங்களா ஏறி வரணும். நான் பக்கத்துல நிக்கலாம், அவ்வளவுதான்."

என் வாழ்க்கையில் என் சந்தேகம் ஒன்று சரி என்று ஒருவர் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. விசித்திரம் என்னவென்றால், அதைக் கேட்ட பிறகுதான் என் மற்ற சந்தேகங்கள் தளர்ந்தன. எது உண்மையோ அதை இவர் உண்மை என்று சொல்லிவிடுவார் என்றால், உண்மையில்லை என்று இவர் சொல்வதையும் கேட்டுப் பார்க்கலாம் அல்லவா? இன்னொன்றையும் கவனித்தேன். தப்பு எம்மேல என்று சொன்னபோது அவர் சிறுத்துப்போகவில்லை. தலையைக் குனியவும் இல்லை. சொல்லிவிட்டு, வெண்டைக்காய் இவ்வளவு பிஞ்சாக இருக்கிறதே, இதெல்லாம் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தார். தவறு செய்த மனிதர் இப்படியும் நிற்கலாம் என்பது எனக்குத் தெரியாமலே நாற்பது வயது வரை வந்திருக்கிறேன். அடுத்த வியாழக்கிழமை கூட்டத்துக்குப் போனேன்.

செண்பகம் திரும்பி வந்த கதையிலும் அவர் இருக்கிறார். வருவதற்கு முன்னால் அவள் பாக்கியத்தைப் போய்ப் பார்த்து, சோற்றை முதலில் நான் ஒரு வாய் தின்று காட்டட்டுமா, அப்போதாவது நம்புவாரா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்றிருக்கிறார் பாக்கியம். இன்று ஒரு வாய் தின்று காட்டினால் நாளை இரண்டு வாய் கேட்பார், சந்தேகத்துக்கு நாமே சாப்பாடு போட்டது போல ஆகிவிடும் என்றாராம். அதற்குப் பதிலாக ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். அண்ணாச்சி பார்க்காத காய்கறி உண்டா? காய் எடுத்து வரச் சொல்லுங்கள், நறுக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் நிற்கட்டும் என்றார்.

அப்படித்தான் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் நான் முதல் முறையாகப் போனேன். பீர்க்கங்காயில் எது கசக்கும், எது கசக்காது என்று நுனியைக் கடித்துப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியும். செண்பகத்துக்கு அது தெரியாது. அவள் ஆச்சரியமாகப் பார்த்தாள். ஒரு நாள் கூட்டு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதும் தின்றாள். "நீங்களே ஆக்குனதுலயும் ருசி மாறத்தான செய்யுது" என்றாள் செண்பகம், அடுப்பைப் பார்த்துக்கொண்டே. அதில் குத்தல் இல்லை. அன்று அவள் கையால் பரிமாறிய மோரை வாங்கிக் குடித்தேன். இன்று வரை எங்கள் வீட்டில் கூட்டும் அவியலும் என் வேலை.

ஒரு ஆடியில், சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் இருந்த பன்னிரண்டு பேரும் குற்றாலத்துக்குப் போனோம். கூட்டத்தைக் கண்டால் நடுங்குகிறவர்களை ஐந்தருவிக்கு அழைத்துப்போகும் தைரியம் பாக்கியத்துக்குத்தான் வரும். ஆண்கள் பக்கம் நாங்கள் தனியாகப் போனோம். அவர் பெண்கள் பக்கம் போய்விட்டார். அருவிக்குள் தலையைக் கொடுத்ததும் உலகத்தில் உள்ள அத்தனை பேச்சும் நின்றுபோனது. தண்ணீர் மட்டும் தோளில் அடித்தது. நெடுநேரம் நின்றேன். வெளியே வந்து கண்ணைத் துடைத்தால், எதிரே ஒரு பெரிய மீசைக்காரர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்கிறார். அவரும் சிரிக்கிறார்.

என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று முடிவுகட்டத் தொடங்கினேன். முந்தின வாரம்தான் பாக்கியம் சொல்லியிருந்தார், தோன்றுகிறதை எல்லாம் தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள், முடிந்தால் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள் என்று. ஆலோசனை கேட்க அவர் பக்கத்தில் இல்லை. நானே நான்கு எட்டு வைத்துப் போய், என்னைப் பார்த்தா சிரிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஆமா அண்ணாச்சி. ஒங்க துண்டு அங்கன போகுது பாருங்க. அஞ்சு நிமிசமா கத்துதோம், ஒங்க காதுல விழல" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். என் நீலத்துண்டு கீழே பாறைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தது. அவரே இறங்கி எடுத்துக் கொடுத்தார். செங்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். வெளியே வந்து சூடான பஜ்ஜியைத் தின்றுகொண்டே இதைச் சொன்னபோது, ஈரத்தலையோடு பாக்கியம் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார். எல்லாத் தடவையும் துண்டாக இருக்காது, சில தடவை உண்மையாகவே கேலி செய்வார்கள், அதையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற அளவுக்கு நாம் பெரிய ஆளாக இருந்தால் போதும் என்றார்.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு முதலாளி தன் மகனை என் இடத்தில் நிறுத்தி ஏலம் கூறப் பழக்கினார். அது ஒரு வாரம்தான். ஆனால் அந்த வாரம் புருவங்கள் எல்லாம் மறுபடி என்னைப் பற்றிப் பேசத் தொடங்கின. மூன்றாம் நாளே பாக்கியத்துக்குப் போன் செய்தேன். பழைய ஆளாக இருந்தால் மூன்றாம் மாதம்கூடச் செய்திருக்க மாட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அவங்க பார்வை பெருசாகல அண்ணாச்சி. இந்த வாரம் நீங்க சின்னதாயிட்டீங்க. டாக்டரை நாளைக்கே பாத்திருங்க. பாத்துட்டு வீட்டுக்குப் போயி அவியல் வைங்க."

டாக்டர் மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். அவியலும் வைத்தேன். அதே மாதத்தில் முதலாளியின் மகன், தனக்கு இந்தச் சத்தமெல்லாம் ஒத்துவராது என்று செல்போன் கடை வைக்கப் போய்விட்டான். ஆனால் அதற்கு முன்பே எனக்கு அந்தப் புருவங்களின் பேச்சு அடங்கிவிட்டது. இந்த வரிசையைச் சொல்வது எனக்கு முக்கியம்.

போன வருடம் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருந்தில் முடி கொட்டியது. மேலகரத்தில் அவர் வீட்டுக்கு நானும் செண்பகமும் பிஞ்சு வெண்டைக்காய் எடுத்துக்கொண்டு அவ்வப்போது போவோம். ஒரு நாள் தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டே சொன்னார், "நேத்து பஸ்ல எல்லாரும் என்னையே பாத்தாங்க அண்ணாச்சி. இறங்கி ஓடிரலாம்போல இருந்துச்சு. இத்தனை வருசமா நீங்கள்லாம் சொன்னது எனக்கு நேத்துதான் புரிஞ்சுது." என்னிடம் ஆறுதல் எதிர்பார்த்து அவர் அதைச் சொல்லவில்லை. ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியிடம் சொல்வது போலச் சொன்னார். நானும் ஆறுதல் சொல்லவில்லை. அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று தோன்றியது என்று கேட்டேன். "பாவம்னு" என்றார். நீங்கள் உங்களைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்றேன். "பாவம்னுதான்" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். செண்பகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் இருவருக்கும் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

அடக்கத்துக்கு மேலகரம் தேவாலயம் நிறைய ஆள் வந்திருந்தது. யார் நோயாளி, யார் உறவு என்று பார்த்தால் தெரியவில்லை. கோயில்பிள்ளையும் தேய்த்த சட்டையோடு வந்திருந்தார். என் பக்கத்தில் நின்று, "அந்தப் புள்ள என்னைய ஒரு நாளும் கொறச்சுப் பேசல" என்றார். பிறகு, தன் பேனாவைத் தொட்டபடி, "நானுந்தான் சில நேரம் அதிகமாப் பேசிட்டேன்" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. பாக்கியத்துக்கு மனதுக்குள் இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, என் பங்கு மண்ணைப் போட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று அன்று முழுவதும் யோசித்தேன். அந்த இரண்டு காகிதங்கள் எப்போதோ தொலைந்துவிட்டன. படம் எதுவும் நாங்கள் எடுத்துக்கொண்டதில்லை. செண்பகத்தை அவர்கள் வீட்டில் உதவிக்கு விட்டுவிட்டு நான் மட்டும் கிளம்பினேன். தென்காசியில் பஸ் மாறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மூன்று வரிசை முன்னால் இருந்த ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். நான் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாவூர்சத்திரத்தில் அவரும் இறங்கினார், நானும் இறங்கினேன். அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் போனேன். அவர் ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே வீட்டுக்கு வந்து, குளித்து, மகள் எடுத்து வைத்த சோற்றைச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

பாக்கியம் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இந்தத் தூக்கத்தைத்தான்.